ஊடு என்று எழுதிய சீசா

மூக்குக்காரா,

நேற்று மதியம் டிவியில் நம் படம் போட்டார்கள். நம் படம் என்று நான் சொல்வது அந்த டைரக்டர் காதில் விழுந்தால், மூன்று சீசா வாசனை கலந்து கொடுத்ததற்கு இவ்வளவு உரிமையா என்று கேட்பார். கேட்கட்டும். விளம்பரங்களுக்கு ஊடால கொஞ்சம் கொஞ்சம் படமும் ஓடியது. ஊடால என்று நான் எழுதியதும் நீ சிரித்திருப்பாய், தெரியும்.

வெள்ளைக்காரன் காலத்து மதராஸ். நாடகக் கொட்டகையின் பின்னறை. நடிகை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அத்தர் கடைக்காரன் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறான். அந்த இடத்தில் நான் என்னை அறியாமல் முகத்தைத் தூக்கி மூச்சை இழுத்திருக்கிறேன். என் மனைவி பார்த்துவிட்டாள்.

“என்னத்த மோந்து பாக்குறீங்க? டிவிக்குள்ள இருந்து எங்கிட்டு வாசன வரும்?”

வரவில்லைதான். சமையலறையில் ஆறிக்கொண்டிருந்த வத்தக்குழம்புதான் மணத்தது. திரையில் அவள் செத்துப்போனாள். நான் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டேன். அங்கே போய் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீயாக இருந்தால் ‘கட்சீல’ என்பாய். உன் வாயில் கடைசி எப்போதும் கட்சிதான். அரசியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீ போய் வருகிற மாசியோடு இரண்டு வருஷம். நீ இருந்தபோது உன்னிடம் சொல்லாமல் ஒன்றை விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நாலு வருஷம் இருந்தது, தினமும் எட்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம், இருந்தும் வாய் வரவில்லை.

மதுரைப் பக்கத்திலிருந்து வேதியியல் பட்டத்தோடு நான் மண்ணூர்பேட்டை ஷெட்டுக்கு வந்து சேர்ந்த அன்றைக்கு, கலவை அறையில் நீ ஒருத்தன்தான் இருந்தாய். பத்தாவதோடு நின்றவன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஊதுபத்திக்கும் பினாயிலுக்கும் சோப்புத்தூளுக்கும் வாசனை கலப்பதுதான் அங்கே வேலை. எந்த வாசனை மருந்தில் எத்தனை சொட்டு என்று நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருப்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாய். அன்றைக்கு என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் கிட்டே வந்து ஒரு மூச்சு இழுத்தாய்.

“புதுச் சட்ட. இன்னும் ஒரு தபா கூட தொவைக்கல. பஸ்ல மீன்கூடைக்குப் பக்கத்துல ஒக்காந்துகினு வந்துகிற. கரீட்டா?”

சரியாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அப்போது எனக்கு மூக்கு நுனியிலேயே கோபம் குடியிருக்கும்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. இரண்டு டப்பாக்களைக் காட்டி, “இதை அதுக்கு ஊடால வைங்க” என்றேன். நீ கையில் டப்பாவோடு நின்றுவிட்டாய்.

“ஊட்லயா? எங்க ஊட்லயா? கம்பெனி மாலு இது, ஊட்டுக்கு எப்டி எட்துகினு போறது?”

“வீட்டுல இல்லப்பா. ஊடால. நடுவுல.”

“நடுவுலன்னா நடுவுலன்னு சொல்லு மாமே. எங்களுக்கு ஊடுன்னா ஊடு. பொண்டாட்டி கூட ஊடுதான். ‘எங்க ஊட்ல கோச்சிக்கும்’னா இன்னா, செவுரா கோச்சிக்கும்?”

அன்றோடு என் பெயர் போயிற்று. ஷெட் முழுக்க நான் ஊடால ஆனேன். செக்யூரிட்டிகூட “இன்னா ஊடால சார், லேட்டு?” என்று கேட்கும்படி செய்துவிட்டாய்.

உன் ஊட்ல, அதாவது உன் மனைவி, அடுத்த தெருவில் அடுக்குமாடி வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருந்தது. எட்டு வருஷம் மதியச் சாப்பாடு எனக்கும் சேர்த்துத்தான் வந்தது. தூக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அண்ணா, அதுகிட்ட உடாதீங்க, உங்க மீனையும் சேத்து துன்னுரும்” என்று சொல்லிப் போகும். கரியும் கஞ்சியும் சூடான துணியுமாக ஒரு வாசனை அதற்குப் பின்னால் அறையில் கொஞ்ச நேரம் நிற்கும். நான் அதைக் கவனித்ததாக அப்போது எனக்குத் தெரியாது.

உன் ஊட்ல காய்ச்சல் என்று படுத்ததுதான். பத்து நாளில் போய்விட்டது. உன் மகள் அப்போது பத்தாவது. பதினைந்து நாள் கழித்து நீ வேலைக்கு வந்தாய், ஸ்டூலில் உட்கார்ந்தாய், அட்டைத் துண்டை மருந்தில் தோய்த்து மோந்தாய், பிறகு வழக்கம்போலச் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை மடிப்பை மோந்தாய். பத்து வாசனை பார்த்து மூக்கு களைத்துப்போனால் நாம் செய்கிற வேலை அது. நீதான் காரணம் சொல்லியிருந்தாய்: “நம்ம தோலு வாசன நமக்குத் தெரியாது மச்சான். அதான் சைபரு. அங்க போய்ட்டு வந்தா மூக்கு மறுபடியும் ஒண்ணுலேருந்து எண்ணும்.” அன்றைக்கு நீ ரொம்ப நேரம் முழங்கையிலேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாய். நான் பக்கத்து மேசையைத் துடைக்கப் போனேன்.

அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். பூந்தமல்லிப் பக்கம் பழைய மதராஸ் தெரு ஒன்றை ஒட்டுப்பலகையில் கட்டி எடுத்துக்கொண்டிருந்த படம். முதல் சிறப்புக் காட்சியில் மட்டும், மூன்று இடங்களில், தியேட்டருக்குள் வாசனை வர வேண்டும் என்பது டைரக்டரின் ஆசை. குட்டையாக முடி வெட்டிய உதவி இயக்குநர் பெண் நம் கலவை மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கதை சொன்னது நினைவிருக்கிறதா? அத்தர் கடையில் ஒருத்தன். நாடக நடிகை ஒருத்தி ஒருநாள் கடைக்கு வந்து போகிறாள். அவள் போன பிறகு கடையில் நிற்கிற வாசனை அவனைப் பிடித்துக்கொள்கிறது. அதை அத்தராக்கப் பார்க்கிறான். செய்ததைப் பெண்கள் கையில் தடவிப் பார்க்கிறான். ஒவ்வொருத்தி மேலும் அது வேறு வேறாக மணக்கிறது. அந்த ஆத்திரத்தில் ஒவ்வொருத்தியாகக் கொல்கிறான். கடைசியில் அவளையே.

“பைத்தியக்காரன்மா அவன்” என்றாய் நீ. “தோலுக்குத் தோலு வாசன மாறும்னு அத்தர் விக்கிறவனுக்குத் தெரியாதா? இதுக்கா கொல?”

அந்தப் பெண் விடவில்லை. முதலில் கடை வாசனை, கடைசியில் கிணற்றடி ஈரமண், இரண்டும் சுலபம். நடுவில் வருவதுதான் முக்கியம், கொலையாகப் போகிறவளின் வாசனை. பார்க்கிறவர்களுக்கு அவளைப் பிடித்துப்போக வேண்டும், பிடித்துப்போன பிறகு அவள் சாக வேண்டும் என்றாள். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

முதலும் கடைசியும் ஒரே தடவையில் தேறிவிட்டன. நடுவில் உள்ளது மூன்று தடவை திரும்பி வந்தது. ஒன்று கோயில் மாதிரி இருக்கிறதாம். இன்னொன்று கல்யாண மண்டபமாம். மூன்றாவதைப் பற்றி, பவுடர் டப்பா என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.

“அல்லாத்துக்கும் மல்லி வோணும். மல்லி போட்டா மல்லிதான் தெரியும், பொம்பள எங்க கீறா?” என்று எரிந்து விழுந்தாய். அந்த வாரம் டீக்கடையில் நீ கேட்ட ஒன்றும் எனக்கு நினைவிருக்கிறது. டம்ளரைச் சுற்றிக்கொண்டே கேட்டாய்.

“ஏன் மச்சான், பூட்டவங்கள சீசால புடிச்சி வெச்சா தப்பா?”

நான் படத்தைப் பற்றிக் கேட்கிறாய் என்று நினைத்தேன். “கொலை பண்ணிட்டுப் பிடிச்சா தப்புதான்பா” என்றேன். நீ சிரித்துவிட்டு, “நாத்து நட்ட எடத்துல நாத்தம் விக்கிறோம், நம்மகிட்ட இன்னா நாயம் கேக்கறது” என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். ஷெட் நிற்கிற இடத்தில் உன் நைனா கூலிக்கு நாற்று நட்டதைச் சொல்லும்போதெல்லாம் நீ இந்த வார்த்தை விளையாட்டைச் சொல்லாமல் விட்டதில்லை.

சிறப்புக் காட்சி ஞாயிற்றுக்கிழமை காலை. சீசாக்களை வாங்கிப்போக சனிக்கிழமை மதியம் அந்தப் பெண் வந்தாள். மகளின் கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள் என்று நீ அரை நாள் லீவு. போனில் சொன்னாய்: “மேச மேல ரெடியா கீது மச்சான், மூணையும் எட்துக் குட்துடு.”

மேசை மேல் மூன்று இல்லை, நாலு இருந்தன. உன் பென்சில் எழுத்து. மொத. ஊடு. கட்சி. கொஞ்சம் தள்ளி நாலாவது, மல்லி.

மல்லி ஊதுபத்திக்காரன் கேட்டது என்று நினைத்தேன். அந்த வாரம் அவனும் மல்லி கேட்டிருந்தான். மொதவுக்கும் கட்சிக்கும் நடுவில் இருந்தது ஊடு. ஊடால உள்ளது என்று என் மதுரை மண்டை படித்தது. இதுவரை நான் உன்னிடம் சொன்னதுதான். இதுவரை நிஜமும்கூட.

சொல்லாதது இதற்கு அப்புறம். கொடுப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்தேன். நம் தொழிலில் யார்தான் மோந்து பார்க்காமல் சரக்கை வெளியே விடுவான்?

முதலில் சூடான பருத்தித் துணி. பிறகு கரி. அதற்கு அடியில் வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். எல்லாம் அடங்கின பிறகு, மெல்ல, புளி கரைத்த விரல். அறைக்குள் யாரோ வந்து நின்ற மாதிரி நான் திரும்பிப் பார்த்தேன். தூக்கைத் தேடியது என் கண்.

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஊடு என்றால் ஊடு என்று, படத்துக்குப் போக வேண்டியது மல்லி என்று. உன்னோடு பதினோரு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு அது தெரியாதா? ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி வாங்கிக்கொண்டு தனியாக ஷெட்டுக்கு வருவாயே, அது எதற்கு என்றும் தெரிந்தது. டீக்கடையில் நீ என்ன கேட்டாய் என்றும் தெரிந்தது.

வாசலில் அந்தப் பெண் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஊடு சீசாவை மூடினேன். மற்ற இரண்டோடு சேர்த்துப் பஞ்சு வைத்துப் பெட்டியில் அடைத்துக் கொடுத்தேன். மல்லியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

ஏன் என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். நேரமில்லை, குழப்பம், இன்னொரு தடவை திரும்பி வந்தால் முதலாளி கத்துவார், எல்லாம் சாக்கு. நிஜம் இதுதான். அவ்வளவு நல்ல ஒன்றை என் ஆயுசில் நான் மோந்ததில்லை. இப்படி ஒன்றை நம் தகரக் கொட்டகையில் ஒருத்தன் செய்திருக்கிறான் என்று ஒரு தியேட்டர் நிறைய ஆட்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. செய்கிற மூக்கு எனக்கு வாய்க்கவில்லை, கொண்டுபோய்க் கொடுக்கிற கையாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த அத்தர் கடைக்காரனைப் பைத்தியம் என்று சொன்னோம் அல்லவா, அவனுக்கு வந்த புத்திதான் எனக்கும் வந்தது. அது யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை நீ, உன் மகள், நான், மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். சுவரோரம் வரிசையாகச் சின்ன மின்விசிறிகள் வைத்திருந்தார்கள். கடைக் காட்சியில் சந்தனமும் பழைய மரமும் வந்தபோது ஜனங்கள் கைதட்டினார்கள், நாலு பேர் தும்மினார்கள். நீ என் தொடையில் தட்டி, “பாத்தியா” என்றாய். நான் சுவரோர மின்விசிறிகளை எண்ண ஆரம்பித்தேன்.

நடிகை கண்ணாடி முன் உட்கார்ந்தாள். மின்விசிறிகள் மெல்லச் சுற்றின.

நீ ஒரு மூச்சு இழுத்தாய். உடனே சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை மோந்தாய். மறுபடி மூச்சு இழுத்தாய். எனக்குப் பின்னால் யாரோ, “இஸ்திரி போட்ட சட்ட மாரி கீதுல்ல?” என்று மெதுவாகச் சொன்னார்கள். உன் மகள் உன் கையைப் பிடித்தாள்.

“நைனா. அம்மா.”

அவ்வளவுதான் சொன்னாள். திரையில் அவன் அந்த நடிகையின் கழுத்தைச் சுற்றித் துணியைப் போட்டுவிட்டான். நீ பாதி எழுந்தாய். எழுந்து, மகளைப் பார்த்தாய். அவள் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு, அவசரம் அவசரமாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். வெளியே போனால் வாசனையும் போய்விடும். நீ மறுபடி உட்கார்ந்தாய். முன்னால் ஒருத்தி கால் உதைத்துச் செத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் இரண்டு பேரும் அது முடியும்வரை அசையவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு காற்றை வெளியே இழுத்துவிட்டார்கள். உன் மகள் அழுதாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை எழுத வார்த்தை இல்லை.

வெளியே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நீ என்னைத் தனியாக இழுத்துப் போனாய்.

“எத்த குட்த?”

“மொத, ஊடு, கட்சி. நடுவுல இருந்துச்சேப்பா. ஊடுன்னா ஊடால உள்ளதுன்னு நெனச்சேன்.”

கிட்டே வந்தாய். முதல் நாள் செய்ததைப் போல ஒரு மூச்சு இழுத்தாய். பொய் சொல்கிறவன் வேர்வை தனியாக நாறும் என்று சூப்பர்வைசரை நீ கேலி செய்வது எனக்கு ஞாபகம் வந்து, ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். நீ சட்டென்று சிரித்தாய். வண்டியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிப்பு.

“அடப்பாவி! ஊடுன்னா ஊடுடா!”

அழுதுகொண்டிருந்த உன் மகளும் சிரித்துவிட்டாள். அத்தோடு அது ஒரு வேடிக்கைக் கதை ஆயிற்று. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், “இந்த ஊடால இன்னா பண்ணான் தெரியுமா” என்று நீயே ஆரம்பிப்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒவ்வொரு தடவை சிரிக்கும்போதும் அந்தப் பொய்க்கு இன்னும் கொஞ்சம் வயது கூடியது.

ஒரே ஒரு நாள் மட்டும், ஸ்டூலில் உட்கார்ந்தபடி, சிரிக்காமல் சொன்னாய். “மல்லி சப்புன்னு இருந்துச்சி. ஊடு சீசாலேருந்து ஒரே ஒரு சொட்டு அதுல உடலாம்னுதான் வெளிய எட்தேன். மன்சு வர்ல, அப்டியே வெச்சிட்டுப் பூட்டேன். பாப்பா கண்ணாலத்தன்னிக்கி அவ கைல குடுக்கலாம்னு பண்ணது மச்சான்.”

சீசாவில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அந்த ஒரே காட்சிக்கு ஊற்றியிருந்தார்கள். இன்னொரு தடவை செய்யேன் என்றேன். பார்க்கலாம் என்றாய். எழுதி வைக்கிற பழக்கம்தான் உனக்குக் கிடையாதே. இரண்டு மாதம் போவதற்குள், உலகத்தையே வீட்டுக்குள் அடைத்த அந்தக் காய்ச்சல் உனக்கு வந்தது. எழுந்து வந்தபோது மூக்கு போயிருந்தது. கற்பூரத்துக்கும் கரிக்கும் வித்தியாசம் தெரியாமல் நீ அட்டையை வைத்துக்கொண்டு விழித்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அதன்பின் நான் மோந்து சொல்வேன், நீ அளவு சொல்வாய். அப்படியே ஓட்டினோம், உன் நெஞ்சு நிற்கும்வரை.

போன புதன்கிழமை உன் மகள் வெள்ளானூருக்கு எங்கள் ஃப்ளாட்டைத் தேடி வந்தாள். அம்பத்தூரில் ஏதோ கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறாள், தெரியும்தானே. கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்திருந்தாள். என் மனைவி தட்டு எடுக்க உள்ளே போனதும், “மாமா, அந்த ஊடு சீசா காலியாவாச்சும் உங்ககிட்ட கீதா?” என்று கேட்டாள்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூடியைத் திறந்தது, தெரிந்தது, தெரிந்தும் கொடுத்தது. அவள் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தெரியும் மாமா” என்றாள். “அன்னிக்கி ஊட்டுக்கு வந்ததும் நைனா சொல்லிச்சி. ‘ஊடால மூடியத் தொறக்காம குட்துருப்பானா? எட்டு வருசம் உங்கம்மா கையால துன்னவன். தெரிஞ்சிதான் குட்துகிறான்’னு.”

“கோவமா இருந்தானா?”

“இருந்துச்சி. ரெண்டு நாளு சரியா துன்னக்கூட இல்ல. மூணாம் நாளு ஷெட்டுலேருந்து மருந்துங்கள எட்துகினு வந்து, பரப்பிக்கினு ஒக்காந்துச்சி. ஒரு வாரம். மறுபடியும் அம்மாவத்தான் பண்ணுதுன்னு நெனச்சேன். எனக்கு மோந்து பாக்கக்கூட குடுக்கல. பீரோவ ஒழிக்கறப்ப கெடச்சிச்சி. உங்களுதுதான் இது.”

பையிலிருந்து ஒரு சின்ன சீசாவை எடுத்து மேசை மேல் வைத்தாள். மெழுகு வைத்து மூடியிருந்தது. பென்சில் எழுத்து. ஊடால.

ஆக, வண்டிகளுக்கு நடுவில் நீ சிரித்த சிரிப்பு எனக்காகச் சிரித்தது. என் பொய்யை நான் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று நீ வாங்கி அதற்கு வேஷம் கட்டிவிட்டாய். அது புரிந்த பிறகு நாலு நாள் அந்தச் சீசாவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே இருப்பது கோபமா என்ன என்று யாருக்குத் தெரியும்? நீ செய்யக்கூடியவன்தான்.

நேற்று படத்தில் அவள் செத்ததும் உள்ளறைக்குப் போனேன் என்றேனே, திறக்கத்தான் போனேன். மெழுகைச் சுரண்டினேன். அட்டைத் துண்டைத் தோய்த்து ஆற விட்டு மோந்தேன். ஒன்றும் இல்லை. மூக்குதான் களைத்திருக்கும் என்று நினைத்து, சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை மோந்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி அட்டை. மறுபடி முழங்கை. இரண்டும் ஒரே மாதிரி, வெறும் காற்றாக இருந்தன. தண்ணீரை ஊற்றி வைத்து என்னை ஏமாற்றிவிட்டாய் என்று சிரிக்கக்கூடச் செய்தேன்.

சந்தேகம் தீரச் சமையலறைக்குப் போனேன். என் மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தோளுக்குப் பின்னாலிருந்து அட்டையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“போட்ட சட்டையத் தொவைக்கப் போடாம, அதைக் கொண்டாந்து எதுக்கு எங்கிட்ட நீட்டுறீங்க?”

என் கையில் சட்டை எதுவும் இல்லை.

சீசா இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. நீ சொன்ன என் சைபர்தான் அதில் இருக்கிறது, அது எப்படி மணக்கும் என்று சாகும்வரை எனக்குத் தெரியப்போவதில்லை. அடுத்த மாதம் அதோடுதான் உன் மகள் கல்யாணத்துக்குப் போகிறேன். உன் மூக்கு நன்றாக இருந்த கடைசி நாட்களில் ஒரு வாரம் முழுக்க இதற்கு உட்கார்ந்திருக்கிறாய்.

அந்த வாரத்தில் நீ உன் ஊட்டைத் திரும்பச் செய்திருக்கலாமே, அடப்பாவி.